கட்டைவிரல் அளவு துரு

என் கணவரின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே அவருடைய கட்டைவிரலை நான் பார்த்துவிட்டேன். ஒரகடத்தில் பேரிங் வளையம் செய்யும் ஒரு கம்பெனியில், கப்பலில் போகிற சரக்கைச் சோதித்துக் கட்டுவது என் வேலை. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பத்தொன்பது வயதில் வந்து, ஹாஸ்டலில் தங்கிச் சேர்ந்தேன். வளையத்தை எண்ணெயில் முக்கி, துருவைத் தடுக்கும் மஞ்சள் தாளில் சுற்றிப் பெட்டியில் அடுக்க வேண்டும். ஒருநாள், அதற்கு முந்தின நாள் கட்டிய பெட்டி ஒன்றைச் சோதனைக்காகத் திறந்தேன். நான்கு வளையங்களில் பழுப்பு நிறத்தில் ஒரே கட்டைவிரல் ரேகை. கோடு கோடாக, பத்திரத்தில் உருட்டி வைத்தது மாதிரி தெளிவாக இருந்தது. ரேகையின் நடுவில் குறுக்கே ஒரு தழும்பு.

சிலருடைய வேர்வைக்கு அந்தக் குணம் உண்டு. தொட்ட இடத்தில் மறுநாளே இரும்பு துருப்பிடிக்கும். புதிதாக லைனுக்கு வந்திருந்த ஓர் ஆள்தான் அது என்று கண்டுபிடித்தார்கள். கையுறை போட்டுத்தான் வேலை செய்திருக்கிறார், அதையும் நனைத்துக்கொண்டு வேர்வை இறங்கியிருக்கிறது. அவரை லைனிலிருந்து எடுத்து ஸ்டோரில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டப் போட்டார்கள். அன்று மாலை என் மேஜைக்கு வந்து நின்றார். "என்ன லைன்லேர்ந்து தூக்குனது நீதானாமே?" என்றார். கோபமாகக் கேட்பதாக நினைத்துக்கொண்டு சிரித்தார். எனக்கு அந்தத் தழும்பைக் கேட்க வேண்டும்போல இருந்தது, கேட்டேன். சின்ன வயதில் தூண்டில் முள் ஏறியதாம், பிளேடால் கீறி எடுத்தார்களாம். அந்த நான்கு வளையங்களையும் தேய்த்துத் துடைத்து, பழையபடி பளபளப்பாக்கி அனுப்பியதும் நான்தான்.

அவர் இறந்து ஒன்றரை வருடம் ஆகிறது. நான் இங்கே சொல்ல வந்தது அவருடைய மீன்பிடிக் குறடு ஒன்றைப் பற்றி. அதைப் பொறுக்கி வாங்கியதும் நான், துருவேறாமல் காத்ததும் நான். அதனாலேயே என் மகளிடம் திருப்பிக் கொடுக்க முடியாத ஒன்றை அழித்தவளும் நான்.

படப்பையில் வீடு எடுத்தபிறகு ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் அவருக்கு ஏரிதான். எப்போதாவது செம்பரம்பாக்கம் வரை போவார், மற்றபடி எங்கள் பக்கத்துச் சின்ன ஏரி. விரால் தூண்டில் முள்ளைத் தொண்டைவரை விழுங்கிவிடும். கெளுத்தியை வெறுங்கையால் பிடித்தால் அதன் முள் குத்தி நாள் முழுக்கக் கடுக்கும். குறடு இல்லாமல் ஆகாது. எலக்ட்ரிக் வேலைக்கு விற்கிற கட்டிங் பிளேயர் ஒன்று வைத்திருந்தார். அதன் மூக்குக் கட்டை, மீன் வாய்க்குள்ளேயே போகாது. இரண்டு மாதத்தில் மூட்டு இறுகி, திறப்பதற்கு வாசல்படியில் வைத்துக் கல்லால் தட்டுவார். நாள் முழுக்கத் துருவோடு சண்டை போட்டுவிட்டு வருகிறவள் வீட்டில், ஞாயிறு தோறும் இந்தச் சத்தம்.

"என்னங்க, இது குறடா, கொல்லன் பட்டறையா? நல்லதா ஒண்ணு வாங்குவோம். நான் பார்த்து எடுக்கேன்" என்றேன். எங்கள் ஊர்ப் பேச்சு அவருக்கு எப்போதும் வேடிக்கை. "எடுக்கேன், எடுக்கேன்" என்று என்னைப்போலவே இழுத்துச் சொல்லிக்கொண்டு சட்டையை மாட்டினார்.

பாரிமுனையில் தூண்டில் சாமான் விற்கும் ஒரு சந்துக் கடைக்குப் போனோம். அவருக்கு நீலநிறக் குறடு ஒன்றின்மேல் கண். உடம்பு அலுமினியம், கையில் எடையே தெரியாது. நான் வேண்டாம் என்றேன். உடம்பு துருப்பிடிக்காது, சரிதான். வாயும் திருகாணியும் எஃகு ஆயிற்றே. இரண்டு உலோகம் சேருகிற இடத்தில் தண்ணீர் தங்கினால் கெடுவது அங்கிருந்துதான் தொடங்கும். இன்னொன்றுக்குக் கைப்பிடியில் தடித்த ரப்பர் உறை. உறைக்குள் போன தண்ணீர் காயவே காயாது, வெளியே பார்க்க லட்சணமாக இருந்துகொண்டு உள்ளே அரித்துவிடும். வெறும் பளபளப்புக்கும் நான் மயங்கவில்லை. மேலே பூச்சு மட்டும் பூசியது, நகத்தால் மூட்டின் ஓரத்தைச் சுரண்டினாலே தெரிந்துவிடும்.

கடைசியில், முழுக்க எஃகில், சாம்பல் நிறத்தில், மூக்கு நீண்ட ஒரு வகையைத் தேர்ந்தேன். பார்வைக்கு ஒன்றும் இல்லை. மூட்டுக்குள் இருக்கும் ஸ்பிரிங் கண்ணுக்குத் தெரியும், துணி நுழையும். வாயின் அடியில் தூண்டில் நரம்பு வெட்ட ஒரு பல். அந்த வகையிலும் ஒவ்வொன்றாக வாயை மூடி டியூப் லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். நுனியில் நூலளவு வெளிச்சம் தெரிந்தாலும் அது முள்ளைப் பிடிக்காது. மூட்டு ஆடியதை ஒதுக்கினேன், ஸ்பிரிங் கரகரத்ததை ஒதுக்கினேன். எட்டு ஒதுக்கியாயிற்று.

"யக்கா, பிளேயரு பாக்குறியா, மாப்ள பாக்குறியா?" என்றார் கடைக்காரர்.

"என்ன இப்டி பாத்திருந்தாங்கன்னா நா இன்னிக்கும் பேச்சிலருதாண்ணே" என்றார் இவர். இருவரும் சிரித்தார்கள். நான் ஒன்பதாவதை எடுத்தேன். அதோடு இலவசமாகக் கொடுத்த தோல் உறையைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஈரத் தோலுக்குள் குறட்டைச் செருகி வைப்பது, துருவுக்கு வீடு கட்டிக் கொடுப்பது.

வாங்கியதோடு என் அதிகாரம் நிற்கவில்லை. முதல் வாரம் கம்பெனியில் செய்வதுபோலவே எண்ணெயைத் தாராளமாகப் பூசி வைத்தேன். அந்த ஞாயிறு ஒரு பொடி மீன்கூட இரையைத் தொடவில்லை. இரை முழுக்க எண்ணெய் வாடை. "மீனு இன்னா லாரியா, ஆயில் குடிக்கிறதுக்கு?" என்று வெறுங்கையோடு வந்து நின்றார். தப்பு என்னுடையதுதான், ஒப்புக்கொள்ளவில்லை. அடுத்த வாரத்திலிருந்து முறையை மாற்றினேன். வந்தவுடன் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும், மீனின் கோழை காய்ந்து ஒட்டினால் அதன் அடியில் ஈரம் நிற்கும். துணியால் துடைத்து, வாயைத் திறந்தபடி ஃபேன் காற்றில் வைக்க வேண்டும். தையல் மெஷின் எண்ணெய் மூட்டில் ஒரே சொட்டு. பத்துத் தடவை திறந்து மூடி, எண்ணெய் இருப்பது விரலுக்கே தெரியாத அளவுக்குத் துடைத்துவிட வேண்டும். அதன்பின் கைப்பிடியில் மட்டும் பிடித்து மாட்ட வேண்டும்.

மாட்டுவதற்கு அவரே ஓர் இடம் செய்தார். எங்கள் கம்பெனி ஷாப் ஃப்ளோரில் ஒவ்வொரு கருவிக்கும் பலகையில் அதன் உருவத்தை வரைந்து வைத்திருப்பார்கள், கருவி இல்லாவிட்டால் அந்த இடம் காலியாகக் கண்ணில் குத்தும். அதேபோல அடுப்படிச் சுவரில் குறட்டை வைத்துச் சுற்றிக் கறுப்பு மார்க்கரால் கோடு போட்டார். மேலே ஓர் ஆணி. "ஆடிட்டுக்கு யாரு வந்தாலும் பாஸு" என்றார். வாடகை வீட்டுச் சுவர் என்று நான் கத்தினேன்.

எல்லாம் ஒழுங்காகச் செய்துவிட்டு, மாட்டும்போது மட்டும் கைப்பிடியை விட்டு மூக்கைப் பிடிப்பார். சொன்னாலும் கேட்கமாட்டார். திங்கட்கிழமை காலை பார்த்தால், நான் பொறுக்கி எடுத்த எஃகின்மேல் மங்கலாக அவர் கட்டைவிரல், நடுவில் அந்தக் கோடு. வேறு யார் கைக்கும் அசையாத எஃகு அவர் கைக்குத் தோற்றுப்போகும். கம்பெனி வாசலில் இருந்த மெஷின் அவர் ரேகையை ஒரே தடவையில் ஏற்றுக்கொண்டதே இல்லை, ரேஷன் கடையிலும் துடைத்துத் துடைத்து வைக்கச் சொல்வார்கள். இரும்பு ஒன்றுதான் அவரைத் தப்பாமல் அடையாளம் கண்டது. நான் பழைய டூத் பிரஷ்ஷில் ஒரு சொட்டு எண்ணெய் வைத்துத் தேய்த்துவிட்டுத்தான் கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுவேன். எத்தனை திங்கட்கிழமைகள்.

எங்கள் ஒரே மகளுக்கு அவர் கை. பரீட்சையில் உள்ளங்கைக்கு அடியில் கைக்குட்டை போட்டுத்தான் எழுதுவாள், இல்லாவிட்டால் தாள் நனைந்து மை ஊறிவிடும். அவள் ஒன்பதாவது போன வைகாசியில், ஒரு ஞாயிறு, அப்பாவும் மகளும் ஏரிக்குப் போனார்கள். ஒன்பது மணிக்கே திரும்பி வந்துவிட்டார்கள். அவர் தூண்டிலைச் சுவரில் சாய்த்து, குறட்டைத் துவைக்கிற கல்லின்மேல் வைத்துவிட்டு உள்ளே வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"நெஞ்சு ஒருமாரி கீதும்மா. வாயு மாரி."

"வெறும் வயித்தோட போனா அப்படித்தான். ஓமத்தண்ணி தாரேன்."

"ரொம்ப வேர்க்குது."

"உங்களுக்கு என்னைக்கு வேர்க்கல?" என்றேன்.

அவர் சிரித்தார். ஓமத்தண்ணியைக் குடித்துவிட்டு ஃபேனுக்கு அடியில் படுத்தார். குறட்டைக் கழுவவில்லையே என்று அடுப்படியிலிருந்து சத்தம் போட்டேன். "செத்த நேரம் கழிச்சி கழுவுறேன்" என்றார். அரைமணி நேரம் கழித்துக் குழம்புக்கு உப்புப் பார்க்கக் கூப்பிட்டேன், எழுந்திருக்கவில்லை. ஆட்டோவில் என் மடியில்தான் தலை இருந்தது. ஆஸ்பத்திரியில் இறக்கும்போதே முடிந்துவிட்டது என்றார்கள்.

அந்த வேர்வைதான் அறிகுறி என்று டாக்டர் சொன்னார். வேறு எந்தப் பெண்டாட்டியாக இருந்தாலும் புருஷன் அப்படி நனைந்து வந்ததைப் பார்த்துப் பதறியிருப்பாள். அந்த வேர்வையைப் பார்த்தே பழகி, அதைக் கேலி செய்தே பழகி, எனக்கு மட்டும் அது தெரியாமல் போனது.

காரியமெல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்தபிறகு அடுப்படிச் சுவரைப் பார்த்தேன். கோடு இருந்தது, குறடு இல்லை. துவைக்கிற கல்லிலும் இல்லை. மகளைக் கேட்டேன். "தெர்ல" என்றாள். வந்த கூட்டத்தில் யாரோ எடுத்துப் போயிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். தட்டு கழுவும்போதும் சோறு வடிக்கும்போதும் அந்தக் காலி உருவம் எதிரில் நின்றது. அவர் சட்டைகளைத் தங்கை வீட்டுக்காரருக்குக் கொடுத்தபோதுகூட அழவில்லை, அந்தச் சுவரைப் பார்த்து அழுதிருக்கிறேன். கழுவாமல் போன குறடு, எங்கேயோ துருவேறிக் கிடக்கிறது என்ற நினைப்பு வேறு.

பதினோரு மாதம் போனது. வருடத் தெவசத்துக்கு முன்னால் வீட்டைச் சுத்தம் செய்வதற்கு லீவு போட்டேன். மகளுக்கு அன்று ஒன்பதாம் வகுப்பின் கடைசிப் பரீட்சை. அவள் அலமாரியில், துணிகளுக்கு அடியில், பழைய டிபன் டப்பா ஒன்று இருந்தது. திறந்தால் அவருடைய கைக்குட்டை, அதற்குள் குறடு.

எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல. அவரே வந்துவிட்டதுபோல மார்போடு அணைத்துக்கொண்டேன். அடுத்த நிமிடம் என் கண் அதன் வேலையைத் தொடங்கிவிட்டது. மூட்டில் துரு, மீனின் கோழை காய்ந்த கறை, மூக்கின் பக்கவாட்டில் பழுப்புத் திட்டு. ஐயோ, அவர் பொருள் வீணாகிறதே, பிள்ளைக்குத் தெரியவில்லையே என்றுதான் தோன்றியது. துவைக்கிற கல்லில் உட்கார்ந்தேன். அவருடைய கிழிந்த பனியன் துணி, டூத் பிரஷ், எண்ணெய். பழுப்புத் திட்டுக் கொஞ்சம் ஆழமாக இறங்கியிருந்தது, பல்பொடி தொட்டுத் தேய்த்தேன். மூட்டில் ஒரு சொட்டு விட்டு, பத்துத் தடவை திறந்து மூடினேன். வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தேன். கடையில் வாங்கிய அன்றுபோல இருந்தது. கைப்பிடியில் மட்டும் பிடித்து ஆணியில் மாட்டினேன். உருவம் நிறைந்தது. மகள் வந்து பார்க்கட்டும் என்று காத்திருந்தேன்.

அவள் பையைக்கூட இறக்கவில்லை. அடுப்படி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"எங்கர்ந்து எட்த்த?"

"உன் அலமாரியிலதான். ஏன்ட்டி ஒளிச்சு வச்ச? எப்படித் துரு ஏறிக் கெடந்துச்சு தெரியுமா."

அவள் குறட்டைக் கழற்றினாள். கைப்பிடியில் மட்டும் பிடித்து, நான் கற்றுக்கொடுத்தபடியே. இந்தப் பக்கம் திருப்பினாள், அந்தப் பக்கம் திருப்பினாள். ஜன்னலருகே கொண்டுபோய்ச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தாள்.

"இதுல அப்பா வெரலு இருந்துச்சும்மா."

எனக்கு உடனே புரியவில்லை. அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "அன்னிக்கி கல்லு மேல வச்சாருல்ல, மூக்க புடிச்சினு. நா கழுவாம எட்த்து வச்சேன். ரெண்டு நாள்ல வந்துச்சு. கட்டவெரலு, நடுவுல கோடு, எல்லாமே. நீ பாத்தா தொடச்சிடுவன்னுதான் ஒளிச்சி வச்சேன்."

"நீ சொல்லியிருக்கலாமே..."

"ஒரு தபா கூட நா அது மேல கை வக்கல. என் கைதான் வேர்க்குமே, கெட்டுடும்னுட்டு. பாத்துட்டு மூடிடுவேன்."

"போட்டோ ஏதும் எடுத்து வச்சிருக்கியா?"

"எதுக்கு? அதான் அங்கியே இருந்துச்சே."

கத்தியிருந்தாலும் தாங்கியிருப்பேன். அவள் குறட்டைத் திரும்ப ஆணியில், கோட்டுக்குள் சரியாக மாட்டிவிட்டு, யூனிஃபார்ம் மாற்றப் போனாள்.

நான் குப்பைக் கூடையைக் கவிழ்த்துப் பனியன் துணியைத் தேடி எடுத்தேன். எண்ணெய்க் கறைக்கு நடுவே பழுப்பாக ஒரு தீற்றல் இருந்தது. ரேகை இல்லை, கோடு இல்லை. எந்தக் கட்டைவிரலை அவர் முகத்துக்கும் முன்னால் பார்த்தேனோ, எந்தத் தழும்பை நாலு வளையத்தில் பார்த்த மாத்திரத்தில் மனதில் வாங்கிக்கொண்டேனோ, அதைக் கையில் வைத்துத் தேய்த்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. துரு என்று மட்டும்தான் தெரிந்தது. அந்தத் துணியைத் துவைக்காமல் வைத்திருக்கிறேன். அதற்கு மேல் அதைக்கொண்டு செய்ய ஒன்றுமில்லை.

சில நாட்கள் பைத்தியம்போல ஒன்று செய்தேன். குறட்டின் மூக்கில் என் கட்டைவிரலை அழுத்தி வைத்து எடுப்பேன், மறுநாள் வந்து பார்ப்பேன். ஒன்றும் வராது. என்னுடையது உலர்ந்த கை. அதற்காகத்தான் கம்பெனியில் என்னைப் பேக்கிங்கில் போட்டார்கள், இத்தனை வருடத்தில் நான் தொட்டு ஒரு வளையம்கூடத் திரும்பி வந்ததில்லை என்று எனக்குப் பெருமை வேறு.

ஒருநாள் மகளிடம் கேட்டேவிட்டேன். "உனக்கு அப்பா கைதானே. நீ ஒருவாட்டி புடியேன், வரும்."

சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். என்மேல் கோபப்படுவாள் என்று நினைத்தேன், அவளுக்கு என்மேல் இரக்கம்தான் வந்திருந்தது.

"வரும்மா. ஆனா அது என் வெரலாதான இருக்கும்" என்றாள்.

அதன்பிறகு நான் குறட்டுக்கு எண்ணெய் விடவில்லை, துடைக்கவில்லை, தாளில் சுற்றவில்லை. எதற்காக என்று எனக்கே சரியாகத் தெரியாது. உள்ளுக்குள் எங்காவது அவர் வேர்வையில் கொஞ்சம் தங்கியிருந்து, மழைக்காலத்தில் மேலே வரும் என்று ஒரு நப்பாசை. அப்படி வராது என்று இத்தனை வருட வேலையில் எனக்குத் தெரியும். இப்போது ஐப்பசி மழை பிடித்துக்கொண்டு, அடுப்படிச் சுவரில் ஓதம் ஏறி, அவர் போட்ட கறுப்புக் கோடு ஓரங்களில் ஊறத் தொடங்கியிருக்கிறது. தினமும் காலையில் பஸ்ஸுக்குக் கிளம்புமுன் குறட்டை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்க்கிறேன். ஆறு மாதமாகியும் அதில் ஒரு பொட்டுத் துரு இல்லை. எட்டை ஒதுக்கிவிட்டு ஒன்பதாவதாக அதை எடுத்தவள் நான்தான்.